கோலங்களின் முடிவு



அண்மையில் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கும் ஒரு தங்கை என்னை அடையாளம் கண்டு வந்து சுகம் விசாரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அக்கா, நீங்கள் ரீவி நாடகம் பார்க்கிறனீங்களோ?"

இல்லை என்று நான் சொல்வேன் என்றுதான் அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவளுடைய மகன் "அழுகிறதுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வைச்சிருக்கிறா அம்மா" என்று பகிடி பண்ணுகிறானாம்.

"ஓம் தங்கச்சி, பார்க்கிறனான். இருபது வருசமாய்ப் பார்க்கிறன்" என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

எனக்கு உயிரான நாடகம் 'கோலங்கள்'. உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். 2003 நவம்பரில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி, 2009 டிசம்பர் 4ஆம் திகதி வரை 1533 பகுதிகள் ஓடிய தொடர். திருச்செல்வம் இயக்கினார், தொல்காப்பியன் என்ற நண்பனாக அவரே நடிக்கவும் செய்தார். 'காதல் கோட்டை' படத்தில் நாங்கள் பார்த்த தேவயானிதான் கதாநாயகி அபி.

அப்போது நாங்கள் தருமபுரத்தில் இருந்தோம். சமாதான காலம். ஏ9 பாதை திறந்து, சாமான்கள் வரத் தொடங்கியிருந்தன. மின்சாரம் கிடையாது. சந்தியில் கடை வைத்திருந்தவரின் வீட்டில் ஒரு ஜெனரேட்டரும் டிஷ் அன்ரெனாவும் இருந்தன. மண்ணெண்ணெய்ச் செலவுக்கு வீட்டுக்கு வீடு ஒரு தொகை கொடுப்போம். பின்னேரமே சமையலை முடித்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு தீத்தி, பாயையும் எடுத்துக்கொண்டு போய் முற்றத்தில் இருந்துவிடுவோம். எதிர்வீட்டு அக்காவும் நானும் எப்போதும் ஒரே பாயில்தான். ஆண்கள் பின்னால் நின்று "இதென்ன கதை" என்பார்கள். ஆனால் போகமாட்டார்கள்.

அபியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். தாயையும் சகோதரங்களையும் உழைத்துக் காப்பாற்றுகிறவள் அபி. கட்டிய புருசன் பாஸ்கரோ பணத்தாசை பிடித்தவன். அவனையும் பிரிந்து, கட்டட வேலைத் துறையில் சொந்தக் காலில் நிற்கிறாள். அங்கே ஆதி என்ற பணக்காரன் அவளை அழிக்க நிற்கிறான். விழுத்துவார்கள், எழும்புவாள். திரும்பவும் விழுத்துவார்கள். ஆறு வருடம் இதுதான் கதை.

கட்டட வேலைத்தலத்தில் மேசன்மாருக்கு நடுவில் ஒரு பெண் நின்று "இது சரியில்லை, திரும்பச் செய்யுங்கோ" என்று சொல்வதை முதல்முதல் நான் பார்த்தது அந்த முற்றத்தில்தான். அப்போது அது எனக்கு ஒரு புதினம் மட்டுமே. என் கணவர் இருந்தார். வீட்டுக்கு ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அவர் அடிப்பார்.

2008இல் போர் எங்கள் பக்கம் நெருங்கியது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். அந்தப் பாதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாதி வழியில் என் கணவர் ஷெல் பட்டு என் கண்முன்னே இறந்தார். எங்கே புதைத்தோம் என்பதும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்காவின் கணவர் 2009 மே மாதத்தில் காணாமல் போனார். அவரைக் கடைசியாகக் கண்டவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். தற்செயலாக அக்காவும் நானும் இராமநாதன் முகாமில் ஒரே வரிசையில் அகப்பட்டோம். 2009 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்துதான் முகாமை விட்டு வெளியே போய்வர விட்டார்கள். அந்த முதல் வாரத்திலேயே பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை ஒருத்தி வவுனியா ரவுணுக்குப் போய் வந்தாள். சவர்க்காரம், பிஸ்கற், சொந்தக்காரரின் சுகச்செய்தி எல்லாம் கொண்டுவந்தாள். கடைசியாக ஒரு செய்தி சொன்னாள்: "அன்ரி, கோலங்கள் முடிஞ்சுதாம்."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு அது! உலகம் இடிந்து விழுந்த ஒரு வருடம் முழுவதும் அபி ஒருநாளும் தவறாமல் யாரோ ஒருவரின் ரீவியில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். "அபிக்கு கடைசியில என்ன நடந்ததாம்?" என்று அக்கா கேட்டார். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

2010இல் திரும்பி வந்தோம். தறப்பாள் கொட்டிலில்தான் மூன்று வருடம். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் எனக்கும் வீடு கிடைத்தது. அந்தத் திட்டத்தில் எங்கள் பக்கத்து வீடுகளின் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியதற்குப் பிறகு கட்டியவை. ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. காசு கட்டம் கட்டமாக வங்கியில் போடுவார்கள். வீட்டைச் சொந்தக்காரரே நின்று கட்டுவிக்க வேண்டும். அத்திவாரம் முடித்தால்தான் சுவருக்குக் காசு. சுவர் எழும்பினால்தான் கூரைக்குக் காசு.

சொந்தக்காரர் என்றால் நான்தான். எனக்குச் சீமெந்துப் பை எத்தனை இறாத்தல் என்றுகூடத் தெரியாது.

வந்த மேசன் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் கணக்கை என்னோடு கதைக்கவில்லை. "வீட்டில ஆம்பிளையள் ஆரும் இல்லையோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் நாள் பார்த்தால், இறக்கிய சீமெந்துக்கும் எழும்பிய கட்டுக்கும் கணக்குப் பொருந்தவில்லை. இரவு முழுவதும் நித்திரை இல்லை. கேட்டால் வேலையை விட்டுப் போய்விடுவாரோ, போனால் அடுத்த கட்டக் காசு வராதே என்ற பயம்.

சொன்னால் சிரிப்பீர்கள். விடியப்புறம் எனக்கு நினைவுக்கு வந்தவள் அபிதான். அவள் என்ன செய்வாள்? கையில் பைலோடு போய் நிற்பாள். என்னிடம் பைல் இல்லை. மகளின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். திகதி, வந்த பை, பாவித்த பை, மணல், கூலி. தொழில்நுட்ப அலுவலர் பார்க்க வந்தபோது, ஒரு பை சீமெந்துக்கு எத்தனை பெட்டி மணல் போட வேண்டும் என்று கேட்டு அதையும் எழுதினேன். அடுத்த நாள் காலை மேசனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கொப்பியை விரித்து வைத்தேன். "அண்ணை, இதில ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ, எனக்குப் பிழைச்சுப் போச்சோ தெரியேல்லை" என்றேன். அவர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பிறகு பை குறையவுமில்லை, "ஆம்பிளையள் இல்லையோ" என்ற கேள்வி வரவுமில்லை.

என் கை அந்தக் கதிரைப்பிடிபோல நடுங்காமல் இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். நடுங்கியது. ஆனால் ஒரு பெண் அப்படி நிற்கலாம் என்பதை நான் முன்னமே பார்த்திருந்தேன். அந்த வித்தியாசம் பெரியது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த விசயமில்லை. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் 1969இல் 'சிம்பிளெமென்டே மரியா' என்றொரு தொடர் வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் மரியா, எழுத வாசிக்கப் பழகி, தையல் பழகி, ஆடை வடிவமைப்பாளராக உயர்கிறாள். அந்தத் தொடர் ஓடிய நாடுகளில் தையல் இயந்திரங்கள் கூடுதலாக விற்றன. முதியோர் எழுத்தறிவு வகுப்புகளில் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். மரியாவின் கல்யாணக் காட்சியைப் படம் பிடித்த தேவாலயத்துக்கு ஆயிரக்கணக்கானோர் உடுத்திப் படுத்திப் பரிசோடு போனார்களாம். இதைக் கவனித்த மெக்சிக்கோ நாட்டு மிகுவேல் சபிதோ, படிப்பினை தரும் தொடர்களை வேண்டுமென்றே எடுக்கத் தொடங்கினார். அவருடைய வழியைப் பார்த்துத்தான் இந்தியாவில் 1984இல் 'ஹம் லோக்' தொடரும் வந்தது. எங்களுக்கும் தையல் இயந்திரங்கள் எத்தனையோ நிறுவனங்கள் தந்தன. அவற்றில் எத்தனை மூலையில் தூசி பிடித்துக் கிடக்கின்றன! எங்களுக்கும் ஒரு மரியா வந்திருக்கலாம்.

ஆனால் நாடகம் சொல்வதையெல்லாம் அப்படியே எடுக்கக்கூடாது தோழியரே. அபி கடன் எடுத்தால் அடுத்த கிழமை அவளுக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் வரும். நாங்கள் நுண்கடன் எடுத்தால் அடுத்த கிழமை கடன்காரர்தான் வருவார். நாடகத்தில் மாமி என்றால் நஞ்சு. எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு எங்களை வேலைக்கு அனுப்பியவர்கள் எங்கள் மாமிமார். பொறுத்துப் போகிறவள்தான் நல்லவள் என்று சொல்லும் நாடகமும் உண்டு. அடிக்கிற புருசனைப் பொறுத்துப் போவது நன்மை இல்லை.

இன்னொன்றும் உண்டு. நாயகி தாலியைக் கண்ணில் ஒற்றும் காட்சி வந்தால், எதிர்வீட்டு அக்கா அடுப்பைப் பார்க்க எழும்பிப் போவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. நானும் கேட்பதில்லை.

திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022இல் தொடங்கியபோது அதையும் சேர்ந்தே பார்த்தோம். அந்த வருடம் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் வந்தால் முதல் வேலை ரீவியைப் போடுவது. அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். நாடகத்தில் இது வழக்கம்தானே, இவருக்குப் பதில் இவர் என்று. அன்றைக்கு அக்கா மெல்லச் சொன்னார்: "நாடகக்காரருக்கு லேசு. ஆள் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லிப்போட்டு மற்ற ஆளை விடுகினம். எங்களுக்கு ஆள் இல்லையெண்டும் சொல்லீனமில்லை, இருக்குதெண்டும் சொல்லீனமில்லை."

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் தொடங்கியபோது அக்கா முதல் கிழமையே போய் இருந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த பல தாய்மார் பதில் தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

போன மாதம் என் மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள், "அம்மா, கோலங்கள் கிடக்கு. கடைசிப் பகுதியைப் போடட்டோ?" என்றாள். நான் வேண்டாம் என்றேன். முடிவு தெரியாமல் இருந்தால் அபி எனக்கு இன்னும் எங்கேயோ நின்று வேலை வாங்கிக்கொண்டிருப்பாள் என்று ஒரு நினைப்பு. அக்காவும் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு உன்ர முடிவு தெரியும். அதால வேண்டாமெண்டுறாய். முடிவு தெரியாமல் இருக்கிறது எப்பிடியெண்டு என்னைக் கேள். நல்லதோ கெட்டதோ, நான் பார்க்கத்தான் வேணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஒரே பாயில் இருந்தும் இது எனக்கு விளங்கவில்லை. என் துயரம் பெரியது. ஆனால் அதற்கு ஒரு திகதி உண்டு, திவசம் உண்டு, ஒரு இடம் உண்டு. அவருக்கு அது ஒன்றும் இல்லை. முடிவைத் தள்ளிப்போடுவது எனக்கு ஒரு விளையாட்டு. அவருக்கு அது பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட தண்டனை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அக்கா இருப்பார். "இனியென்ன, மறந்துபோட்டு இருங்கோ" என்று அவருக்குச் சொல்லாதீர்கள். பக்கத்தில் பாயைப் போடுங்கள்.

"சரி அக்கா, கடைசிப் பகுதியைப் போடச் சொல்லட்டோ?" என்றேன்.

"விசரே? இடையில விட்டதெல்லாம் தெரியாமல் முடிவைப் பார்த்து என்ன செய்யிறது? முதல்ல இருந்து போடு."

இப்போது பின்னேரங்களில் இரண்டு பகுதி பார்க்கிறோம். மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள், ஒருநாளும் விடாமல் பார்த்தாலும் இரண்டு வருடத்துக்கு மேல் எடுக்குமாம். அக்கா அசையவில்லை. நேற்று நாற்பதாவது பகுதி. சந்தையில் கண்ட அந்தத் தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன். பகிடி பண்ணுகிற மகனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். பின்னால் நிற்க இடம் இருக்கிறது.

உங்களுக்குப் பிடித்த நாடகம் எது, அதில் யாரை உங்களுக்குப் பிடிக்கும், ஏன் என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.