டிரசரும் கிராணியும் ஒரே நாற்காலியில்

எஸ்.பி.எம். முடிவுகள் வந்த வாரத்தில் எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு அழைப்பவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இம்முறை சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அப்பா. “தங்கச்சி, பிள்ளைக்கு நல்ல ரிசல்ட். டாக்டருக்குப் படின்னு சொல்றேன், கணக்குதான் படிப்பேன்னு அடம் பிடிக்குது. நீங்களே சொல்லுங்க.” பின்னால் ஒரு பெண்குரல், “ஐயோ அப்பா, ரேடியோவுலயா!” என்றது. ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்தேன். ஆனாலும் கேள்வி மனசைவிட்டுப் போகவில்லை.

என் பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். துரைக்கு அடுத்து அங்கே எல்லாரும் பயந்தது இருவருக்கு: ஆஸ்பத்திரி டிரசர், ஆபீஸ் கிராணி. காய்ச்சல் என்று போனால் டிரசர் சீட்டு எழுத வேண்டும். அந்தச் சீட்டு கிராணியின் மேசைக்குப் போக வேண்டும். டிரசர் “ஒன்னுமில்ல, வேலைக்குப் போ” என்றுவிட்டால் செக்ரோலில் அன்று பேர் இல்லை. பேர் இல்லையென்றால் காசு இல்லை. அப்படி விட்டுப்போன இரண்டு நாள் சம்பளத்தைப் பாட்டி எண்பது வயதிலும் மறக்கவில்லை. “டிரசருக்குக் கணக்குத் தெரியாது, கிராணிக்கு நோவு தெரியாது” என்பார்.

இரண்டும் தெரிந்த ஒருவரை நான் பார்த்தது ஈப்போவில், ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில். அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் வரவில்லை. மாலையில் வந்தபோது நாலாயிரத்துச் சொச்சம் வெள்ளியை ஏற்க முடியாது என்றிருந்தது. நான் குரலை உயர்த்தத் தயாரானபோது, புந்தோங்கைச் சேர்ந்த ஒரு இளம்பெண் பில்லை விரித்து வைத்துப் பேனாவால் சுட்டிக் காட்டினார். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு. ஆனால் டாக்டரின் அறிக்கையில் பித்தப்பை மட்டும்தான் இருந்தது. அதனால் சர்க்கரைப் பரிசோதனை, இன்சுலின், கூடுதலாகத் தங்கிய நாள் எல்லாம் சம்பந்தமில்லாத செலவாகத் தெரிந்திருக்கிறது. டாக்டரிடம் அறிக்கையை முழுமையாக்கி வாங்கி மறுபடி அனுப்பினார். மறுநாள் பணம் ஏற்கப்பட்டது. அவர் படித்தது கணக்கியல். நோய்ப் பெயர்களை வேலைக்கு வந்தபின் கற்றாராம்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய துறையே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு உண்டு. பித்தப்பைக் கல் கே80. இரண்டாம் வகை நீரிழிவு இ11. அதிலும் சிக்கல் ஏதுமில்லையென்றால் இ11.9, சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டால் இ11.2. புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஓர் எண்ணால் செலவுக் கணக்கே மாறலாம். ஒரே மாதிரி நோயும் செலவும் உள்ளவர்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் முறையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இருவர். ராபர்ட் ஃபெட்டர் நிர்வாகவியல் பேராசிரியர்; ஜான் தாம்சன் தாதியாகப் பயிற்சி பெற்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு வந்தவர். 1983இல் அமெரிக்க அரசு முதியோர் மருத்துவத் திட்டத்துக்கு அதை ஏற்றது. நம் நாட்டில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 2002இல் இதே வழியில் ‘கேஸ்மிக்ஸ்’ முறையைத் தொடங்கியது.

ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்குகிறோமே, அதன் உண்மையான விலை என்ன? யாராவது உட்கார்ந்து கணக்கிட வேண்டும். காப்புறுதிப் பிரிமியம் எகிறியதும், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பிரித்துப் போடச் சொன்னதும் ஞாபகமிருக்கும். குழு விலை முறையைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டுவரும் பேச்சு அப்போது சூடுபிடித்தது. அது வந்தால் பில்லையும் நோயையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையத் தேவைப்படுவார்கள்.

மதுரைக்கு ஒரு நடை போய்வரலாம். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்ப்பது என்ற கணக்கு அங்கே ஜெயித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கண்வில்லை விலை அதிகம் என்று தெரிந்ததும் 1992இல் ‘ஆரோலேப்’ என்ற சொந்தத் தொழிற்சாலையே எழுந்தது. கத்தி பிடித்த கைகளோடு செலவுப் பட்டியலைப் படித்த கண்களும் அதில் சேர்ந்திருந்தன.

சரி, சுங்கை சிப்புட் பிள்ளை எங்கே படிப்பது? ஆறாம் படிவத்தில் கணக்கியல் பாடம் இருக்கிறது. பக்கத்திலேயே கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏ.சி.சி.ஏ. என்றால் 13 தாள்கள். பட்டத்தைப் பொறுத்து 9 வரை விலக்கு. பிறகு மருத்துவமனை நிதிப் பிரிவு, காப்புறுதிக் கோரிக்கைப் பரிசீலனை, தணிக்கை, சுகாதாரப் பொருளாதாரம் என்று போகலாம். அலுப்பான வேலைதான், மறைக்கவில்லை. டாக்டரும் திட்டுவார், நோயாளியின் மகளும் (நானே சாட்சி) திட்டப் பார்ப்பாள். டாக்டர் படிப்பும் இப்போது நேர்ப்பாதை இல்லை. 2016 இறுதியிலிருந்து இளம் மருத்துவர்கள் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, 2021 ஜூலையில் வெளிநடப்பு செய்ததை மறந்திருக்க மாட்டோம்.

இதையெல்லாம் அடுத்த வார நிகழ்ச்சியில் சொன்னேன். அப்பா மறுபடி அழைத்தார். “அப்போ ஆஸ்பத்திரியில வேலைன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லலாம்தானே?” சொல்லலாம் அண்ணே என்றேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அக்கா, அந்த இ11க்குப் பின்னால வர்ற நம்பரை யார் போடறது, டாக்டரா நாங்களா?”

டாக்டர் எழுதியதைப் படித்து நீதான் போடுவாய், அவர் எழுதாததை நீயாகப் போட முடியாது, போய்க் கேட்க வேண்டும் என்றேன்.

“கேப்பேன்” என்றாள்.