கடைத் தக்காளி விதை முளைக்காதாம்! யார் சொன்னது?

"கடையில வாங்குற தக்காளி எல்லாம் ஹைபிரிட். விதை மலடு. போட்டாலும் முளைக்காது." வட்ஸ்அப் குழுமங்களில் சுற்றிச் சுற்றி வரும் செய்தி இது. அனுப்புகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு.

அப்படியானால் குசினிக்குப் பின்னால், கழுவிய தண்ணீர் ஓடும் இடத்தில் தானாக முளைத்துக் காய்க்கும் தக்காளிக்கு விதை எங்கிருந்து வந்தது? நம் உம்மாமார் வெட்டி எறிந்த கடைத் தக்காளியில் இருந்துதானே!

ஹைபிரிட் வேறு, மலட்டு விதை வேறு. மலட்டு விதைத் தொழில்நுட்பத்துக்கு அமெரிக்காவில் 1998இல் காப்புரிமை கொடுத்தார்கள். அது கடைசிவரை சந்தைக்கு வரவேயில்லை. ஹைபிரிட் என்பது இரண்டு வேறு வர்க்கங்களை மகரந்தம் சேர்த்து எடுக்கும் முதல் தலைமுறை. அதன் விதை நன்றாகவே முளைக்கும். பிள்ளைகள் தாயைப் போலவே இருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒன்று பெரிதாகக் காய்க்கும், ஒன்று சிறிதாக. ஒன்று நோயைத் தாங்கும், ஒன்று வாடிப்போகும்.

இது புதுக் கதையா? மெண்டல் 1866இல் பட்டாணியை வைத்து எழுதிய கதை. 3:1 என்று நம் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்குகிறார்கள். பரீட்சையில் புள்ளி வாங்குகிறோம், வீட்டுக்கு வந்து "முளைக்காது" என்கிறோம். இதற்குப் பெயர் கல்வியா?

கடன் எடுத்து ஒரு ஏக்கர் செய்கிற விவசாயியிடம் இதைச் செய்யுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு ஒரே அளவான காய் வேண்டும், பற்றீரியா வாடலைத் தாங்கும் கன்று வேண்டும். அவர் நல்ல விதையை வாங்கத்தான் வேண்டும். ஆனால் பாடசாலைத் தோட்டத்துக்கும் வீட்டுச் சாடிக்கும் என்ன நட்டம்? ஒரு பழத்தின் விலைதான்.

நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்க வையுங்கள். கழுவி நிழலில் உலர்த்துங்கள். இருபது கன்று நடுங்கள். பக்கத்தில் விவசாயத் திணைக்களத்தின் 'திலின' இனத்தையும் நடுங்கள். அது ஹைபிரிட் அல்ல, விதை எடுத்தால் பெரும்பாலும் அதே இனம்தான் வரும். இரண்டையும் பிள்ளைகள் அளந்து கொப்பியில் எழுதட்டும். சிறந்த செடியில் மட்டும் மறுபடி விதை எடுக்கட்டும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஆறு, ஏழு தலைமுறையில் ஓரளவு நிலையான ஓர் இனம் அந்தப் பாடசாலையின் கையில் இருக்கும்.

இந்த நாட்டுக்கு மரக்கறி விதையில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் என்ன பாடுபட்டோம் என்பதை யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. விதை எடுக்கத் தெரியாத ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டு, அடுத்த தட்டுப்பாட்டில் யாரைக் குறை சொல்லப் போகிறோம்?

அந்தச் செய்தி மறுபடி வந்தால் அடுத்தவருக்கு அனுப்ப முன்னர் நான்கு விதையைச் சாடியில் போடுங்கள். பத்து நாளில் பதில் மண்ணிலிருந்தே வரும்.