பெட்டிமேல் எழுதிய ஊர்

பனியன் கம்பெனியில் பேக்கிங் பார்த்த காலத்தில், பெட்டிமேல் இருக்கும் அமெரிக்க மாநிலத்தைப் பையன்கள் 'அர்கன்சாஸ்' என்று வாசிப்பார்கள். மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர் 'ஆர்க்கன்சா' என்று திருத்திவிட்டுச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. கான்சாஸில் கடைசி எஸ்ஸை உச்சரிக்கிறவர்கள் இங்கே மட்டும் ஏன் விழுங்குகிறார்கள்? பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்த எழுத்து அது. அந்த மாநிலத்தாருக்கே குழப்பம் வந்து, 1881-ல் சட்டசபைத் தீர்மானம் போட்டுத்தான் முடிவு செய்தார்கள்! இல்லினாயிலும் அதே ஊமை எஸ்தான். நம் பையன்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பார்க்க வந்த வெளிநாட்டு பையர் ஊத்துக்குளியைச் சொல்ல மூன்று தடவை திணறினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, அந்தத் தம்பியும்தான். அர்கன்சாஸ் என்று வாசித்தவர்கள் கட்டிய பெட்டி ஒன்றுகூட ஊர் மாறிப் போனதில்லை.