ஒட்டுப் போட வேண்டாம், டேங்கையே மாற்று



நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு பெட்ரோல் டேங்க் பற்றித்தான் பேச்சு. இங்கிலாந்தில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர் 1972ஆம் வருட எம்.ஜி.பி கார் வாங்கியிருக்கிறார். அதன் டேங்க் துருப்பிடித்துக் கசிகிறது. "வெல்டிங் வைத்துவிடு, ஒரிஜினலை விடாதே" என்று பாதிப் பேர். "உள்ளே சீலர் ஊற்று" என்று மீதிப் பேர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இரும்பு துருப்பிடிப்பதை முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் காரைப் பற்றியும் தேடிப் படித்தேன்.

என் பதில், புது டேங்க் வாங்கு.

அந்தக் காரில் டேங்க் டிக்கிக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். டேங்கின் மேல்பக்கத்துக்கும் டிக்கித் தகட்டுக்கும் நடுவே சின்ன இடுக்கு. சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். லேசில் காயாது. ஆக, துரு மேலிருந்து அரிக்கிறது. அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு டேங்க் நன்றாகத்தான் தெரியும். முழுக்க நிரப்பினால் நாற்றம், கொஞ்சம் ஓட்டியதும் நாற்றமில்லை என்று எழுதியிருந்தாரே, அதுதான் அடையாளம். ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் காகிதமாய் மெலிந்த தகடு அடுத்ததற்குக் காத்திருக்கும்.

காலி டேங்க்தானே என்று வெல்டிங்குக்குத் துணிய வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், ஒரு பொறி போதும். கழுவினாலும் மடிப்புகளில் ஒளிந்த பெட்ரோல் சூடு பட்டதும் ஆவியாகும். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் அவர்.

சீலரும் வேண்டாம். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். (நம்மூரில் 20!) பழைய வகை சீலர்கள் சில அதில் இளகி உரிந்து, கார்புரேட்டர் வரை போய் அடைக்கும்.

ஒரிஜினல் என்கிறீர்கள். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது. அபிங்டன் தொழிற்சாலை மூடி 40 வருஷம் தாண்டியும் புது டேங்க் கிடைக்கிறது. டயர் மாற்றும்போது யாரும் ஒரிஜினல் பேசவில்லையே!

தம்பி, உனக்கு நாலு வார்த்தை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்று. இருக்கைகளுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். வேலையை வெட்டவெளியில் வை, குழிக்குள் இறங்காதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும். அளவு காட்டும் மிதவையின் ரப்பர் வாஷரையும், பெட்ரோல் ஊற்றும் வாய்க்கான ரப்பர் ஹோஸையும் புதிதாகப் போடு. மாட்டுவதற்கு முன்பே டேங்கின் மேல்பக்கத்துக்கு இன்னொரு கோட் பெயிண்ட் அடித்துவிடு, பிறகு அங்கே கை நுழையாது.

பழைய டேங்கை இரண்டாக அறுத்துச் செடி வைக்கலாம் என்று குழுவில் எழுதிய அம்மாவுக்கு: அறுத்தாலும் பொறி பறக்கும் அம்மா. மண்தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.