பிள்ளைகள் நூலாசிரியர்கள் ஆகட்டும்!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளிக்கூடக் கதவு சாத்தப்பட்டதும் சிறுவர் சிறுமியருக்கு உண்டாகும் குதூகலத்தைச் சொல்லி முடியாது. மாமா வீட்டுப் பயணம், நுங்கு, மாங்காய், மரத்தடியில் கோலி, பம்பரம் என்று பொழுது போகிறது. அண்மைக் காலத்தில் கைப்பேசியும் இவற்றோடு சேர்ந்துகொண்டு, மற்றவற்றையெல்லாம் ஓரங்கட்டப் பார்க்கிறது. ஆண்டு முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கப் போவதில்லை.

ஆனால், எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போதுதான் தொடங்கியிருக்கும் ஒரு குழந்தைக்கு இந்த இடைவெளி சாதாரணமானதன்று. நீச்சல் கற்கத் தொடங்கியவனைப் பாதியில் கரையேற்றி விட்டால், மறுபடி கிணற்றில் இறங்கும்போது பழைய பயம் வந்து ஒட்டிக்கொள்கிறது அல்லவா? படிப்பும் அப்படித்தான்.

கோடையில் கரைவது எது?

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துப் பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்து, பார்பரா ஹெய்ன்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரம், பள்ளி நடக்கும் மாதங்களில் அவ்வளவாக வளர்வதில்லை; கோடையில்தான் அது அகலுகிறது என்று அவர் கண்டார். அந்தக் கோடையில் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவற்றுள் முதன்மையானது புத்தகம் படிப்பது என்பதும் அந்த ஆராய்ச்சியின் முடிவு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் 2021 ஜனவரியில் ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுள் 100-க்கு 92 பேர், முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தார்கள். அது நீண்ட அடைப்பு. கோடை விடுமுறை சிறியது. அளவு வேறானாலும் நோய் ஒன்றுதான்.

வீட்டில் புத்தகமும், எடுத்துப் படித்துச் சொல்லும் ஒரு பெரியவரும் இருந்தால் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. கரும்புக் கொல்லைக்கும் செங்கல் சூளைக்கும் தறிக்கும் விடியற்காலையில் கிளம்பிப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? மார்ச்சு மாதத்தில் வாக்கியத்தைப் படித்த குழந்தை, ஜூன் மாதத்தில் எழுத்தைத் தேடிக்கொண்டு நிற்கிறது.

இதற்குப் பலரும் அறிந்த மருந்துகள் இரண்டு. ஒன்று, "தினம் இரண்டு பக்கம் காப்பி எழுதிக்கொண்டு வா" என்று அனுப்புவது. மற்றொன்று, கோடையிலும் டியூஷனுக்குத் துரத்துவது. முதலாவதில் கை வலிப்பதுதான் மிச்சம். கடைசி நான்கு நாளில் அக்காவோ அண்ணனோ எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. இரண்டாவதற்குப் பணம் வேண்டும். இரண்டிலும் குழந்தைக்குச் சொந்தமான ஒரு சொல்கூட இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இந்தக் கோடையில் ஒரு புத்தகத்தைத் தானே எழுதி, தானே படம் வரைந்து, தானே தைத்து முடிக்கட்டும். சிறு பிள்ளைக்கு இது நடக்கிற காரியமா என்று கேட்கலாம். புத்தகம் என்பது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் அந்த ஐயம் தீரும். அதற்குத் திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

திருவாலங்காட்டின் செப்புப் புத்தகம்

திருவாலங்காடு என்றதும் இரத்தின சபையும், காரைக்கால் அம்மையாரும் நினைவுக்கு வருவார்கள். வரலாறு படித்தவர்களுக்குச் செப்பேடுகளும் நினைவுக்கு வரும். 1905-இல் இவ்வூரில் கிடைத்த அந்த 31 ஏடுகளும் துளையிடப்பட்டு, ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு, சோழர் முத்திரையுடன் இருந்தன. முதலாம் இராசேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018-இல், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த செய்தியை அவை கூறுகின்றன. சோழர் குலத்தின் பெருமை வடமொழியிலும், கொடையின் விவரம் தமிழிலும் எழுதப்பட்டிருக்கின்றன.

அரச பரம்பரையின் பெருமை அறிஞர்களுக்குப் பெரிது. குழந்தைகளுக்குப் பிடிக்கும் சங்கதி வேறு. கொடுத்த ஊரின் எல்லையை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை ஊர் எல்லையில் நடத்தி, அதன் கூடவே அதிகாரிகளும் ஊராரும் நடந்தார்கள். வழியில் எதிர்ப்பட்ட அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார்கள். அந்த வரிகளைப் படிப்பவர்கள் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஊரைச் சுற்றி நடந்து வரலாம்.

நடந்தார்கள், பார்த்தார்கள், எழுதினார்கள், கோத்தார்கள். புத்தகம் ஆகிவிட்டது. இதில் எட்டு வயதுக் குழந்தையால் செய்ய முடியாதது எது? யானை கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை.

பிரான்சில் நடந்தது

இதே முறையைப் பிரான்சு நாட்டில் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கைக்கொண்டார். அவர் பெயர் செலெஸ்தேன் பிரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் உரக்கப் பேச அவரால் முடியவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குள்ளும் வயல்வெளியிலும் நடக்கத் தொடங்கினார். திரும்பி வந்ததும் பார்த்தவற்றைப் பிள்ளைகளே சொல்வார்கள். 1924 வாக்கில் வகுப்புக்கு ஒரு சிறிய அச்சு யந்திரம் வந்தது. பிள்ளைகள் சொன்னதைப் பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அதுவே அவர்களுக்குப் பாடப் புத்தகமாயிற்று. பின்னர் வேறு ஊர்ப் பள்ளிகளோடு தாள்களை மாற்றிக்கொண்டார்கள்.

தான் சொன்ன சொல் தாளில் ஏறி நிற்பதைப் பார்த்த குழந்தை, அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று அதற்கு முன்பே தெரியும். ஆகையால் எழுத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. இதுதான் இம்முறையின் இரகசியம்.

என்ன வேண்டும்? எப்படிச் செய்வது?

செலவு மிகவும் சொற்பம். நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம் வந்துவிடும். மடிப்பில் மூன்று துளையிட்டு ஊசி நூலால் தைத்துவிடலாம். மேலட்டைக்குப் பழைய நாட்காட்டி அட்டையோ, துணிக் கடையில் கொடுக்கும் சட்டைப் பெட்டி அட்டையோ போதும். ஒட்டுவதற்கு மைதாப் பசை. பனையோலை கிடைக்கும் இடங்களில் ஓலையை நறுக்கித் துளையிட்டு, கயிற்றில் கோத்துச் சுவடியாகவும் செய்யலாம். பிள்ளைகளுக்கு அது பெரிய விளையாட்டு.

எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. "சுற்றுச்சூழல் பற்றி எழுது" என்று சொன்னால் குழந்தை விழிக்கும். "உன் தெரு முனையிலிருந்து ரயில் நிலையம் வரை நடந்து போ. எதிரில் வருவதை வரிசையாக எழுது" என்றால் பேனா ஓடும். திருவாலங்காட்டுப் பிள்ளைக்குக் கோயில் குளம் இருக்கிறது. சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் ஓடும் ரயில் இருக்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. பாட்டி சொன்ன பேய்க் கதை, வீட்டு ஆட்டுக்குட்டியின் பெயர், அம்மா மாங்காய் ஊறுகாய் போடும் விதம், ஊர்க் கிணறுகளின் கணக்கு, ஒவ்வொன்றும் ஒரு புத்தகம்தான்.

முதல் வகுப்புப் பிள்ளை படம் வரைந்து, கீழே ஒரு சொல் எழுதினால் போதும். எழுத வராவிட்டால் குழந்தை சொல்லச் சொல்ல அக்காள் எழுதட்டும். கடைசிப் பக்கத்தில் நூலாசிரியர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் சலுகை கூடாது.

இரண்டு மொழி வீடுகள்

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். திருத்தணி வட்டாரம் முன்பு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டத்துக்கும் பட்டாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதியன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு மாறினாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். பாடப் புத்தகத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டு மடங்கு தூரம்.

அத்தகைய பிள்ளையின் புத்தகத்தில் ஒரு பக்கம் தமிழும், எதிர்ப் பக்கம் அவ்வையின் தெலுங்கும் இருக்கட்டுமே! பேரப்பிள்ளைக்குத் தெலுங்கு எழுத்து தெரியாவிட்டால் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். நியூசிலாந்தில் மவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களைக்கொண்டே முதல் வாசகங்களைத் தயாரித்தார். அந்த அனுபவத்தை 1963-இல் நூலாகவும் எழுதினார். வீட்டுச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தால், பள்ளிச் சொல் தானாக நெருங்கி வரும். தமிழ்ச் சிறுவர்கள் போற்றிய 'அம்புலிமாமா'வும் தெலுங்குச் சிறுவர்கள் போற்றிய 'சந்தமாமா'வும் 1947 ஜூலையில் ஒரே இடத்திலிருந்து பிறந்தவைதாமே!

சிவப்பு மை வேண்டாம்

"பிழையோடு எழுதினால் அப்படியே பழகிவிடாதா?" என்று சில பெற்றோர் கவலைப்படுவார்கள். நியாயமான கவலைதான். லகர ளகரமும், ரகர றகரமும் சரியாக வரத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு வேளை உண்டு. முதலில் குழந்தை சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு சுத்தப் பிரதி எழுதும்போது, ஒரு பக்கத்துக்கு இரண்டு பிழையை மட்டும் எடுத்துக் காட்டினால் போதும். சிவப்பு மையால் பக்கம் முழுவதும் சுழித்துக் கொடுத்தால், அடுத்த புத்தகம் வரவே வராது. தன் பெயர் போட்ட நூல் நாலு பேர் கைக்குப் போகப் போகிறது என்று தெரிந்த குழந்தை, "இது சரியா?" என்று தானே வந்து கேட்கும்.

நூலகம் என்ன செய்யலாம்?

பிள்ளை எழுதிய புத்தகம் பரணில் போய் முடங்கினால் பயனில்லை. அதற்கு வாசகர் வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது, நூலகத் தந்தை எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. அதே 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அச்சட்டப்படி சொத்து வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. ஆகவே நூலகம் யாருடைய தயவிலும் நடப்பதன்று. ஊரார் காசில் நடப்பது.

அந்த உரிமையோடு ஊரார் கேட்கக்கூடியது பெரிதொன்றுமில்லை. கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் பிள்ளைகளின் நூல்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கட்டும். மற்ற நூல்களைப் போலவே எண் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி, இரவல் கொடுக்கட்டும். மகள் எழுதிய புத்தகத்தைப் பார்க்க நூலகப் படியேறும் தகப்பனார், போகும்போது வேறொரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகக்கூடும்.

எழுதும் பிள்ளைக்குப் படிக்கவும் தீனி வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. குழந்தைகளின் எழுத்தறிவுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022 ஜூன் மாதத்தில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கத்துக்காக 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று படிப்படியாக அழகான சிறு நூல்கள் அச்சிடப்பட்டன. பள்ளி பூட்டப்படும்போது அந்த நூல்களும் அலமாரியில் பூட்டப்பட்டுவிடக் கூடாது. கடைசி வேலை நாளன்று ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த நாலைந்து நூல்களை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்து ஏழைப் பிள்ளைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு புத்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று கோடைக்குப் பிறகு அவர்களுடைய வாசிப்பு, புத்தகம் பெறாத பிள்ளைகளுடையதைவிட மேம்பட்டிருந்தது. பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"கிழித்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று தலைமையாசிரியர்கள் தயங்குவது இயற்கை. பத்துப் புத்தகம் கிழியத்தான் செய்யும். கிழியாமல் இருக்கும் புத்தகம், யாரும் படிக்காத புத்தகம். கிழிந்ததை எழுதித் தள்ளக் கல்வித் துறை ஓர் எளிய விதி செய்து கொடுத்தால், ஆசிரியர்களின் தயக்கம் தீர்ந்துவிடும்.

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முதல் நாளில், விடுமுறைப் பாட நோட்டு எங்கே என்று கேட்பதற்குப் பதிலாக, "உன் புத்தகத்தைப் படித்துக் காட்டு" என்று ஆசிரியர்கள் கேட்பார்களாக. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது நூல்கள். ஐந்து வகுப்புக்கு நூற்றைம்பது. ஊர்ப் பள்ளிக்கு அரசாங்கம் அனுப்பாத ஒரு நூலகம், ஊர்ப் பிள்ளைகளின் கையாலேயே வந்து சேர்ந்துவிடும்.