டிவியில் பார்த்தால் போதாதா?

"டிவியிலேயே நல்லா தெரியுமே சார், இந்த வயசுல அம்மாவையும் கூட்டிக்கிட்டு எதுக்கு அலைச்சல்?" என்று என் மாணவர்கள் சிலர் கேட்டீர்கள். 2023 அக்டோபரில் சேப்பாக்கத்தில் நடந்த ஐந்து உலகக் கோப்பை ஆட்டங்களில் மூன்றுக்கு, பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி இருவரும் போய் வந்தோம்.

டிவி பந்தைக் காட்டும். பந்து வீசும் முன் கேப்டன் யாரை எங்கே நகர்த்துகிறார் என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். அதை முதலில் கவனித்துச் சொன்னவர் என் வீட்டம்மா. நாற்பது வருடம் அடுப்படியிலிருந்து ஸ்கோர் மட்டும் கேட்டவர்!

இந்தியா ஆடிய மேட்சுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். 18ஆம் தேதி ஆப்கானிஸ்தான் நியூசிலாந்திடம் 149 ரன் வித்தியாசத்தில் தோற்றதைப் பார்த்தோம். 23ஆம் தேதி ஆயுத பூஜை. காலையிலேயே படையலை முடித்துக்கொண்டு கிளம்பினோம். அன்று அதே பிள்ளைகள் பாகிஸ்தானின் 282 ரன்னை இரண்டே விக்கெட் இழந்து தாண்டினார்கள். ஒருநாள் ஆட்டத்தில் பாகிஸ்தானை அவர்கள் வென்றது அதுவே முதல் தடவை. மைதானத்தைச் சுற்றி வந்து நம் ஜனங்களுக்கு நன்றி சொன்னபோது இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நண்பர்களோடு மட்டும் மேட்சுக்குப் போகும் பிள்ளைகளே, அடுத்த முறை வீட்டுக்காரிக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். திரும்பி வர நள்ளிரவு தாண்டும்தான். மறுநாள் காலை இட்லிக்கு ஓட்டல் இருக்கிறது.