கோதாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்

"இதையெல்லாமா உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார் நண்பர்.

கேட்டவர் சாமானியரல்லர். நல்ல நாவல் எங்கே கிடைக்கும் என்று தேடிப் படிக்கிறவர். என் கதைகளில் எது தேறும், எது தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவர். அமெரிக்கப் பெண்கள் குஸ்தி போடும் 'க்ளோ' என்ற தொலைக்காட்சித் தொடரின் 30 பகுதிகளையும் பார்த்து முடித்தேன் என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் சுளித்துவிட்டது. அவரும் பார்த்திருக்கிறார். நான்கு பகுதிகளோடு நிறுத்திவிட்டாராம்.

"முதலாவது, அது குஸ்தியே இல்லை, பேசி வைத்துக்கொண்டு போடுகிற பொய்ச் சண்டை. இரண்டாவது, அந்தக் கதாநாயகி சிநேகிதியின் புருஷனோடு போனவள். அவளுக்காக நான் ஏன் இரங்க வேண்டும்? மூன்றாவது, அரபிக்காரி என்றால் வெடிகுண்டு, கறுப்பி என்றால் ஓசிச் சாப்பாடு என்று வேஷம் கட்டி ஆடுகிறார்கள். இதுவா கலை?"

இவை அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால், காப்பி கொடுத்து வழியனுப்பியிருப்பேன். அப்படியல்ல. 2017-ல் இந்தத் தொடர் வெளிவந்த நாளாக, அமெரிக்காவில் பார்த்தவர்களில் பலர் சொன்ன குற்றச்சாட்டுகளும் இவைதாம். ஆகவே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் வருஷம், லாஸ் ஏஞ்சலீஸ் நகரம். ரூத் வைல்டர் என்ற நடிகைக்குச் சரியான வேஷமே அகப்படுவதில்லை. முதல் காட்சியில், ஒரு நடிகர் தேர்வில், உணர்ச்சி பொங்க வசனம் பேசுகிறாள். பெண்களுக்கும் இப்படிப்பட்ட பாத்திரம் எழுதுகிறார்களே என்று பூரித்துப் போகிறாள். அப்புறம் அல்லவா தெரிகிறது, அவள் பேசியது ஆணுக்கு எழுதிய வசனம் என்று! அவளுக்கு உள்ளது, 'உங்கள் மனைவி டெலிபோனில் காத்திருக்கிறார்' என்று முதலாளியிடம் சொல்லும் காரியதரிசி வேஷம்தான். அவளுடைய சிநேகிதி டெபி ஈகன் தொலைக்காட்சித் தொடரில் நடித்துப் பெயர் வாங்கியவள். குழந்தையோடு வீட்டில் இருக்கிறாள். டெபியின் கணவனோடு ரூத்துக்கு உறவு ஏற்பட்டுவிடுகிறது. அது தெரிந்ததும் டெபி, ரூத் குஸ்தி பழகும் இடத்துக்கே வந்து அவளை அடித்து வீழ்த்துகிறாள். ஓரத்தில் நின்று அதைப் பார்க்கிறான் ஸாம் சில்வியா என்ற மூன்றாந்தர சினிமா டைரக்டர். அவன் விலக்கிவிட ஓடவில்லை. இந்தப் பகையைக் காசாக்கலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது. டெபிக்கு அமெரிக்கக் கொடியின் வர்ணங்களைச் சுற்றி 'லிபர்ட்டி பெல்' ஆக்குகிறான். ரூத் 'ஸோயா' என்ற சோவியத் ராட்சசி ஆகிறாள்.

இது முழுக்கக் கற்பனையும் அல்ல. 1986 முதல் 1990 வரை இதே பெயரில் உண்மையாகவே ஒரு பெண்கள் குஸ்தி நிகழ்ச்சி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. அதில் 'கர்னல் நினோச்கா' என்ற ருஷ்யாக்காரியும், 'பாலஸ்தீனா' என்ற அரபிக்காரியும் கெட்டவர்களாக வந்து ஜனங்களிடம் திட்டு வாங்கினார்கள்.

இனி, குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

குஸ்தி பொய்யாம்! யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்பது வாஸ்தவம். நாவலில் யார் சாகப் போகிறார்கள் என்பதும் ஆசிரியனுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் நாவல் பொய்யாகிவிடுமா? முடிவுதான் பேசி வைத்தது; விழுகிற முதுகு பேசி வைத்ததல்ல. இந்தத் தொடரின் நடிகைகள் சாவோ குரேரோ என்ற தொழில்முறை மல்லரிடம் பழகி, பெரும்பாலும் தாங்களே கோதாவில் இறங்கி விழுந்து எழுந்தார்கள். அந்த 1986-ஆம் வருஷத்துப் பெண்களுக்குக் குஸ்தி கற்றுக் கொடுத்தவர் இவருடைய சித்தப்பா மாண்டோ குரேரோ. தொடரின் சண்டைக் காட்சிகளை அமைத்த ஷானா டக்கின்ஸ் என்ற பெண்மணி 2018-ல் அதற்காக எம்மி பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். பொய் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோமே, அதற்குள் எத்தனை முழங்கால், எத்தனை தோள்பட்டை இருக்கிறது என்று யோசித்ததுண்டா?

இதில் எனக்குச் சிரிப்பு வருவது வேறொரு விஷயத்தில். பொய் என்று நம் புத்திக்குத் தெரியும்; கைக்குத் தெரிவதில்லை. குஸ்திக்காரர்கள் பரிபாஷையில் கெட்டவனுக்கு 'ஹீல்' என்று பெயர். அப்படிக் கெட்டவனாகப் பேரெடுத்த ஃப்ரெடி பிளாஸி என்ற அமெரிக்க மல்லர், ரசிகர்கள் தம்மைப் பலமுறை கத்தியால் குத்தியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். நாடகம் என்று தெரிந்தே காசு கொடுத்து உள்ளே வந்தவர்கள் எதற்காகக் கத்தியையும் எடுத்து வந்தார்கள்? வெறுப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அடையாளம் காட்டிவிட்டால் போதும், நாம் நல்லவர்களாகிவிடுகிறோம். கோதாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதைவிட மலிவான புண்ணியம் வேறு கிடையாது.

என் நண்பருடைய இரண்டாவது குற்றச்சாட்டு இந்தப் பசியிலிருந்துதான் பிறக்கிறது. ரூத் செய்தது துரோகம். அதைத் தொடர் ஓரிடத்திலும் மறைக்கவில்லை. மன்னித்துவிடு என்று நம்மிடம் கெஞ்சவுமில்லை. ஆனால் டெபியின் கையில் தராசைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. இரண்டாம் பாகத்தில் டெபி போதைப் பொருளை உட்கொண்டுவிட்டுக் கோதாவில் ஏறி, ரூத்தின் கணுக்காலை உடைத்துவிடுகிறாள். இந்த இடத்தில் பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள்? 'சரிக்குச் சரி' என்று கணக்கை முடிக்கிறார்கள் சிலர். 'இப்போது டெபிதான் கெட்டவள்' என்று கட்சி மாறுகிறார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் அந்த இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கொட்டிக்கொள்ளும் ஆத்திரத்தைக் கேட்ட பிறகும் கணக்குப் பார்க்க முடிகிறதென்றால், அது என்ன மனசு என்று நான் கேட்கிறேன். கட்டிய புருஷனையும் உற்ற சிநேகிதியையும் ஒரே நாளில் இழந்தவளின் நஷ்டத்தை எந்தக் கணுக்காலால் ஈடு செய்வது? உடைந்த காலோடு கிடப்பவளின் குற்ற உணர்ச்சி எந்த மாவுக்கட்டில் தீரும்?

இதை இவ்வளவு உறைப்பாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதில் ஒருத்தி, கூடப் பிறந்தவளைப் போல நேசித்த சிநேகிதிக்குத் துரோகம் செய்துவிடுகிறாள். தப்புச் செய்தவள் அதோடு எப்படி வாழ்ந்து தீர்க்கிறாள் என்பதைத்தான் எழுத நினைத்தேன். பத்தாவது வாரத்திலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. 'அவளுக்குத் தண்டனை எப்போது?' என்று கேட்காத கடிதம் குறைவு. நான் பணிந்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு விஷக் காய்ச்சலை வரவழைத்துக் கொன்றேன். பாராட்டுக் கடிதங்கள் வந்து குவிந்தன. புஸ்தகமாகவும் வந்து இரண்டு பதிப்புக் கண்டது. அந்தப் புஸ்தகத்தை நான் இன்றுவரை கையில் எடுத்ததில்லை. கைதட்டலுக்காக நான் ஒரு பெண்ணைக் கோதாவில் போட்டு மிதித்தேன். ஸாம் சில்வியாவாவது தான் செய்வது வியாபாரம் என்று ஒப்புக்கொள்கிறான். நான் அதற்கு இலக்கியம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது குற்றச்சாட்டை அப்படி எளிதில் தள்ள நான் தயாரில்லை. அது கனமானது.

தொடரில் ஆர்த்தி பிரேம்குமார் என்று ஓர் இந்திய வம்சாவளிப் பெண். வைத்தியப் படிப்பு மாணவி. அவளுக்குக் கொடுத்த வேஷம் 'பெய்ரூட்' என்ற அரபுப் பயங்கரவாதி. 1985 ஜூனில் ஓர் அமெரிக்க விமானம் கடத்தப்பட்டு பெய்ரூட்டில் நிறுத்தப்பட்டிருந்த காலம் அது. மாநிறத் தோல் இருந்தால் போதாதா? கூட்டத்திலிருந்து வசவு வருகிறது; பியர் டப்பா பறந்து வருகிறது. ஜென்னி என்ற கம்போடியப் பெண்ணைச் சீனாக்காரியாக்கி ஆட விடுகிறார்கள். டாமே என்ற கறுப்பினத் தாய்க்கு 'வெல்ஃபேர் குவீன்' வேஷம். அதாவது அரசாங்க உதவிப் பணத்தில் ராணி மாதிரி வாழ்கிறவள். ரொனால்டு ரீகன் 1976 தேர்தல் பிரசாரத்தில் மேடைக்கு மேடை சொல்லிப் பரப்பிய பிம்பம் அது.

இதையெல்லாம் காட்டுவதே பாவம் என்கிறார் நண்பர். அவர் பார்க்காமல் விட்ட இரண்டாம் பாகத்தில் ஒரு காட்சி வருகிறது. டாமேயின் மகன் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் படிக்கிறான். அம்மா என்ன தொழில் செய்கிறாள் என்று பார்க்க வந்து கூட்டத்தோடு உட்காருகிறான். லிபர்ட்டி பெல் அவன் தாயை வீழ்த்துகிறாள். கூட்டம் ஒரே குரலில், 'போய் ஏதாவது வேலை பார்!' என்று கத்துகிறது. அவள் செய்துகொண்டிருப்பதே வேலைதான்! மகனைப் படிக்க வைக்கும் வேலை. கோதாவில் அவள் கண் கலங்குகிறது. ஆசனத்தில் மகன் குன்றிப் போகிறான். அவமானத்தைக் காட்டுவதும் அவமானப்படுத்துவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இப்படிச் சொல்லி வாதத்தை ஜெயித்துவிட்டதாக நான் எழுந்துவிடலாம். யோக்கியமாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டாமேயாக நடித்த கியா ஸ்டீவன்ஸ், ஆர்த்தியாக நடித்த சுனிதா மணி உள்பட வெள்ளையரல்லாத ஆறு நடிகைகள் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். இனத்தைக் கேலி செய்யும் வேஷங்களை எங்களுக்கு மாட்டிவிட்டீர்கள். ஆனால் அந்த வேஷத்துக்குள் இருக்கும் மனுஷிகளுக்குப் போதிய கதை கொடுக்காமல் ஓரத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்பது அவர்களுடைய முறையீடு. 2020 அக்டோபரில் அந்தக் கடிதம் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதே மாதத்தில்தான், கொரோனாவைக் காரணம் காட்டி, நான்காம் பாகத்தை நெட்ஃபிளிக்ஸ் ரத்துச் செய்தது.

படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. 'பெய்ரூட்' முதன்முதலாகக் கோதாவில் வந்து உறுமியபோது நானும் சிரித்திருக்கிறேன். ஆர்த்தியின் வீடு எது, அவள் அப்பா அம்மா யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரூத்துக்காகவும் டெபிக்காகவும் இவ்வளவு வக்காலத்து வாங்குகிற நான், மற்றவர்களை அவர்களுடைய வேஷத்தோடு விட்டுவிட்டேன். பியர் டப்பா எறிந்தவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே மூன்றாவது குற்றச்சாட்டில் நண்பருடைய கோபம் நியாயமானது. ஆனால் அவர் செய்தது என்ன? கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்த ஆறு பெண்கள் எழுந்து போகவில்லை. இந்தப் பாத்திரங்களை மனுஷிகளாக்கு என்று கேட்டார்கள். வேஷத்தைச் சுமந்தவர்கள் கேட்டதற்கும், ஆசனத்தில் இருந்தவர் அலுத்துக்கொண்டதற்கும் எத்தனை தூரம்!

நான்காம் பாகம் வராமலே போனதால், கதை விமான நிலையத்தில் நின்றுவிட்டது. டெபி ஒரு தொலைக்காட்சி நிலையத்தையே கைவசப்படுத்திக்கொண்டு, 'வா, நீ டைரக்டர் ஆகலாம்' என்று ரூத்தை அழைக்கிறாள். ரூத் மறுத்துவிட்டு விமானம் ஏறப் போய்விடுகிறாள். 'இதென்ன முடிவு? இருவரும் கட்டிக்கொண்டு அழ வேண்டாமா?' என்று மனம் அடித்துக்கொள்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மணியடிப்பவன் இல்லை. பல வருஷத்துச் சிநேகிதமும் துரோகமும் சேர்ந்து கிடக்கிற இடத்தில் மணியடிக்கிறவன் எங்கிருந்து வருவான்? என் கதையிலும் அந்தப் பெண்ணை நான் அப்படிப் போக விட்டிருக்கலாம்.

நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நான்கு பகுதிகளோடு நிறுத்திவிட்டீர்கள். ஐந்தாவது பகுதியில்தான் டெபி ஒரு குஸ்திப் பந்தயத்தைப் பார்க்கப் போகிறாள். உங்களைப் போலவே அலுப்போடுதான் போகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது, தான் இத்தனை நாள் நடித்த தொடர்கதைகளும் இதே ஜாதிதான் என்று அவளுக்குப் புரிகிறது. அந்த ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு வாருங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். காப்பி தயாராக இருக்கும்.